ஸ்டான்லியா, திருவள்ளூரா? மெடிக்கல் கவுன்சிலிங்குக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

(எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகச் சுருக்கி, திருத்தித் தந்திருக்கிறோம்.)

போன வாரம் நம்ம இன்பாக்ஸுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அனுப்பினவர் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிற தம்பி. சொந்த ஊர் கனகம்மாசத்திரம். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: சென்னையிலிருந்து திருப்பதி போற ரோட்டில், திருவள்ளூர் தாண்டி, திருத்தணி மலைக்கு முன்னாடி வர்ற ஊர். அந்தப் பக்கம் கொஞ்சம் போனால் ஆந்திரா எல்லை.

மெசேஜை அப்படியே சொல்றேன்: "அண்ணா, என் தங்கச்சி ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல். நீட்ல நல்ல மார்க் வந்திருக்கு. 7.5-ல சீட் கிடைச்சிடும்னு எல்லாரும் சொல்றாங்க. ஸ்டான்லி வந்தாலும் வரலாம், திருவள்ளூர் வந்தாலும் வரலாம். அம்மா, 'திருவள்ளூரே போதும், பொண்ணு வீட்டுலேர்ந்து போயிட்டு வரட்டும்'ங்கிறாங்க. மாமா, 'எம்.எம்.சி., ஸ்டான்லி கிடைக்கலன்னா இன்னொரு வருஷம் எழுதட்டும்'ங்கிறார். சித்தப்பா, 'திருப்பதி இங்கதானே இருக்கு, அங்க கேட்டுப் பாக்கலாமே'ங்கிறார். தங்கச்சி எதுவுமே பேச மாட்டேங்கிறா. எதை முதல்ல போடுறது அண்ணா?"

இந்த மெசேஜில் நாலு பேர் இருக்காங்க. மூணு பேர் கருத்து சொல்லிட்டாங்க, படிக்கப் போறவங்க மட்டும் சொல்லலை. அதைக் கடைசியில் பேசுவோம். முதலில் மத்த மூணு பேர் சொல்றதையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். இது கனகம்மாசத்திரத்துக்கு மட்டும் உள்ள கேள்வி இல்லை. ஒவ்வொரு வருஷமும் நீட் ரிசல்ட் வந்ததும் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான வீட்டில் நடக்கிற பேச்சுதான்.

'ப்ரீ-மெட்' இங்கே எங்கே இருக்கு?

நம்ம கேட்கிறவங்களில் நிறைய பேர் அமெரிக்க யூடியூப் வீடியோ பார்த்துட்டு, "ப்ரீ-மெட்டுக்கு எந்த யுனிவர்சிட்டி நல்லது"ன்னு கேட்பாங்க. அங்கே முறை வேற. பள்ளி முடிச்சதும் மெடிக்கல் கிடையாது. முதலில் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் டிகிரி, அதுகூடவே மருத்துவத்துக்குத் தேவையான பாடங்கள், அப்புறம் எம்கேட் தேர்வு, அதுக்கப்புறம் நாலு வருஷம் மெடிக்கல் ஸ்கூல். டிகிரியில் வாங்குற மார்க்கை மெடிக்கல் ஸ்கூல் பார்க்கும். அதனால், 300, 400 பேர் உட்காருற பெரிய அரசுப் பல்கலைக்கழக வகுப்பில் நம்ம மார்க் என்ன ஆகும்கிற பயம் அங்கே நியாயமானது.

இங்கேயும் ஒரு காலத்தில் இடைப்படி ஒன்று இருந்தது. பள்ளி முடிச்சு, கல்லூரியில் ஒரு வருஷம் பி.யூ.சி. படிச்சுட்டுத்தான் மெடிக்கல் போவாங்க. 1978-ல் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ வந்ததும் அது போயிடுச்சு. இப்போ 17, 18 வயசில், நீட் மார்க்கோட நேரா எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். அஞ்சரை வருஷம் எங்கே இருக்கப் போறோம்னு ஒரே தடவையில் முடிவு பண்றோம்.

எல்லாருக்கும் ஒரே டிகிரி

முதலில் பயத்தைக் குறைக்கிற ஒரு விஷயம். தமிழ்நாட்டில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. 1835-ல் ஆரம்பிச்ச சென்னை மருத்துவக் கல்லூரி, அதாவது எம்.எம்.சி., அதில் ஒன்று. 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் ஒன்றான திருவள்ளூரும் அதில் ஒன்று. ரெண்டும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டவை. பாடத்திட்டம் ஒன்று, பல்கலைக்கழகத் தேர்வின் கேள்வித்தாள் ஒன்று, சர்டிஃபிகேட்டில் இருக்கிற பல்கலைக்கழகப் பெயரும் ஒன்று.

அடுத்து, மேற்படிப்பு. எம்.டி., எம்.எஸ். சீட்டுக்கு நீட் பி.ஜி. ரேங்க்தான் கணக்கு. ஸ்டான்லியில் படிச்சதுக்காக அதில் ஒரு மார்க்கும் கூடாது, திருவள்ளூரில் படிச்சதுக்காக ஒரு மார்க்கும் குறையாது.

அப்புறம் பணம். அரசுக் கல்லூரியில் டியூஷன் கட்டணம் வருஷத்துக்கு சில ஆயிரம்தான். தங்கச்சி 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வர்றதால, கல்விக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் தமிழ்நாடு அரசே ஏத்துக்குது. 2020-ல் இந்தச் சட்டம் வந்த வருஷத்திலிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. அதனால ஹாஸ்டல் செலவைக் காரணமா வெச்சு முடிவு எடுக்க வேண்டியதில்லை.

டிகிரி ஒன்று, தேர்வு ஒன்று, செலவும் கிட்டத்தட்ட ஒன்றுன்னா, வித்தியாசம் எங்கேதான் இருக்கு? அந்த அஞ்சரை வருஷத்தில் ஒவ்வொரு நாளும் எப்படிப் போகும்கிறதில் இருக்கு.

சித்தப்பாவின் கேள்வி: திருப்பதி?

சித்தப்பா கேட்டதில் தப்பில்லை. கனகம்மாசத்திரத்தில் நின்னு பார்த்தால் சென்னை மாதிரியே திருப்பதியும் பக்கத்து ஊர்தான். அந்த வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கு பேசுற குடும்பங்களும் நிறைய. திருத்தணியே ஒரு காலத்தில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ம.பொ.சி. முன்னால் நின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. திருப்பதி எஸ்.வி. மருத்துவக் கல்லூரி தொடங்கினதும், இந்தப் பக்கம் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி தொடங்கினதும் அதே 1960-ல்தான்.

ஆனா எல்லைக் கோடு எங்கே இருக்கோ, கவுன்சிலிங்கும் அங்கேயே பிரிஞ்சுடும். அரசுக் கல்லூரி சீட்டுகளில் 85 சதவீதம் அந்தந்த மாநிலத்துக்கு. மீதி 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. இதை மத்திய அரசின் எம்.சி.சி. நடத்துது. தமிழ்நாட்டுப் பொண்ணுக்கு திருப்பதி வேணும்னா, இந்த 15 சதவீதத்துக்குள்ளதான் போட்டி போடணும். அங்கே 7.5 ஒதுக்கீடு கிடையாது, தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீடும் கிடையாது. தங்கச்சிக்கு இங்கே கையில் இருக்கிற பெரிய பலம் அங்கே செல்லாது. அதனால எம்.சி.சி.யில் பதிவு பண்ணி வெச்சுக்கிறதில் தப்பில்லை, ஆனா அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

எல்லையோரக் குடும்பங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 7.5 ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படிச்சிருக்கணும். எட்டாவது வரை கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் படிச்சு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவங்களுக்கும் வழி உண்டு. நடுவில் ரெண்டு வருஷம் பாட்டி வீட்டில் தங்கி நகரியிலோ புத்தூரிலோ படிச்ச பிள்ளைகள், அந்த வருஷத்துத் தகவல் கையேட்டில் இருப்பிடச் சான்று பகுதியை முதலில் படிச்சிடுங்க. கவுன்சிலிங் அன்னிக்குத் தெரிஞ்சுக்கிற விஷயம் இல்லை இது.

ஒரே நோயாளி, ரெண்டு ஆஸ்பத்திரி

இப்போ முக்கியமான வித்தியாசத்துக்கு வருவோம். ஒரு உதாரணம் சொல்றேன். கனகம்மாசத்திரம் பக்கத்தில் வயலில் வேலை செய்யிற ஒருத்தரைப் பாம்பு கடிச்சிடுதுன்னு வெச்சுக்குவோம். 108 வரும். போற இடம் பெரும்பாலும் திருத்தணி அரசு மருத்துவமனையோ, திருவள்ளூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோதான். அங்கே விஷமுறிவு மருந்து போடுவாங்க. ஆள் தேறினா வீட்டுக்கு. சிறுநீரகம் பாதிச்சு, நிலைமை மோசமானால், "மேல்சிகிச்சை"ன்னு எழுதி சென்னைக்கு அனுப்புவாங்க. நம்ம ஊர்க்காரங்க பாஷையில் சொன்னா, "ஜி.எச்.சுக்கு அனுப்பிட்டாங்க."

திருவள்ளூரில் படிக்கிற மாணவர் இந்தக் கதையின் முதல் பாதியைப் பார்ப்பார். ஆள் எப்படி வந்தார், முதல் அரை மணி நேரத்தில் என்ன பண்ணினாங்க, எப்போ அனுப்பறதுன்னு எப்படி முடிவு பண்ணினாங்க. சென்னையில் படிக்கிற மாணவர் ரெண்டாவது பாதியைப் பார்ப்பார். டயாலிசிஸ், தீவிர சிகிச்சை, ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனி நிபுணர்.

நல்ல டாக்டருக்கு ரெண்டு பாதியும் தெரியணும். ஆனா எம்.பி.பி.எஸ். முடிச்சதும் நிறைய பேர் முதலில் உட்காருற இடம் ஆரம்ப சுகாதார நிலையம், இல்லன்னா சின்ன ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டி. அங்கே வேணும்கிறது முதல் பாதி. மாவட்டக் கல்லூரியை மட்டமா நினைக்கிறவங்க இதை மறந்துடறாங்க.

அதே நேரத்தில் பெரிய கல்லூரியின் பலமும் நிஜமானது. எம்.எம்.சி.யோட இருக்கிறது சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரில் இருக்கிற ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. 1664-ல் கோட்டைக்குள்ளே ஆரம்பிச்ச மருத்துவமனையின் தொடர்ச்சி அது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, குழந்தைகள் மருத்துவமனை, கண் மருத்துவமனை எல்லாம் அதே கல்லூரியோட சேர்ந்தவை. 1938-ல் கல்லூரியான ஸ்டான்லி, வடசென்னை உழைப்பாளிகளின் ஆஸ்பத்திரி. கைக்கான அறுவை சிகிச்சைக்குத் தனி நிலையமே அங்கே இருக்கு. மெஷினில் கை மாட்டினவங்களை நாடு முழுக்க அறிஞ்ச டாக்டர்கள் பார்த்த இடம். பிரசவத்துக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் மட்டும் வர்ற நோயைக்கூட இங்கே கட்டிலில் பார்க்கலாம். கூடவே சீனியர்கள். பி.ஜி. படிக்கிறவங்க, சூப்பர் ஸ்பெஷாலிட்டி படிக்கிறவங்க எல்லாம் கண் முன்னாடி நடமாடுவாங்க. "நானும் இப்படி ஆகலாம்"னு ஒரு கவர்மென்ட் ஸ்கூல் பொண்ணுக்குத் தோணுறதுக்கு அது எவ்வளவு முக்கியம்னு சொல்லத் தேவையில்லை.

கட்டில் கணக்கு

இங்கே ஒரு சின்னக் கணக்கு. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிப்படி, வருஷத்துக்கு 100 பேரைச் சேர்க்கிற கல்லூரிக்குக் குறைந்தது 420 படுக்கை வேணும். 250 பேரைச் சேர்க்கிற கல்லூரிக்கு 900. வகுத்துப் பாருங்க. சின்னக் கல்லூரியில் ஒரு வருஷ மாணவர் ஒருத்தருக்கு 4.2 படுக்கை, பெரிய கல்லூரியில் 3.6. ஜி.எச். மாதிரி இடத்தில் இந்தக் குறைந்தபட்சத்தைவிட ரொம்ப அதிகமாகவே படுக்கை இருக்கு, அதனால எண்ணிக்கையில் அங்கே குறை கிடையாது. ஆனா அந்தப் படுக்கையைச் சுத்தி எத்தனை பேர் நிக்கிறாங்கன்னும் பார்க்கணும்.

எம்.எம்.சி., ஸ்டான்லி ரெண்டிலும் வருஷத்துக்கு 250 சீட். அதுக்கு மேல பி.ஜி. மாணவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள். ஒரு நல்ல கேஸ் வந்தால் முதல் வரிசையில் பி.ஜி. நிப்பார். மூணாவது வருஷ மாணவர் பின்னாடி எட்டிப் பார்க்கணும். கூச்ச சுபாவம் உள்ளவங்க அந்தக் கூட்டத்தில் அஞ்சு வருஷத்தையும் பின்வரிசையிலேயே ஓட்டிடலாம். திருவள்ளூரில் 100 சீட்தான். பி.ஜி.க்கள் குறைவாக இருக்கிற இடத்தில், தையல் போடுறது, பிரசவம் பார்க்கிறது, ஐ.வி. போடுறது எல்லாம் ஹவுஸ் சர்ஜன் கைக்குச் சீக்கிரம் வரும்.

ஆனா புதுக் கல்லூரியில் ஒரு கேள்வி கேட்டே ஆகணும்: சொல்லிக் கொடுக்க ஆள் இருக்காங்களா? கட்டடம் கட்டறது சுலபம். ஒவ்வொரு துறையிலும் பேராசிரியர்கள் நிலைச்சு நிக்கிறதுக்கு வருஷமாகும். டிரான்ஸ்ஃபர் போட்டா போயிடுவாங்க. இதை வெப்சைட்டில் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நாள் காலையில் ஒன்பது மணிக்கு அந்த ஆஸ்பத்திரி ஓ.பி.க்கு நேராகப் போங்க. ரெண்டாவது, மூணாவது வருஷம் படிக்கிற ரெண்டு பேரைப் பிடிச்சு மூணே கேள்வி கேளுங்க. அனாட்டமியில் ஒரு உடலைச் சுத்தி எத்தனை பேர் உக்காறீங்க? வார்டில் யார் வந்து கிளாஸ் எடுக்கிறாங்க, பேராசிரியரா, பி.ஜி.யா? வாரத்தில் எத்தனை கிளாஸ் நடக்காம போகுது? இந்த மூணு பதிலும் எந்த ரேங்கிங்கைவிடவும் உபயோகமானது. என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கும் வெளியில் இருக்கிற பெயருக்கும் தனியா மார்க் உண்டு. உங்க தங்கச்சிக்கு வார்டில் யார் சொல்லித் தருவாங்கன்னு அதில் இருக்காது.

அம்மாவின் கேள்வி: வீட்டிலிருந்து போய் வந்தால் என்ன?

அம்மாவின் கவலையை நான் லேசா எடுத்துக்கலை. 18 வயசுப் பொண்ணு, முதல் தடவையா வீட்டை விட்டுப் போறா. திருவள்ளூர்னா ஒரே பஸ். ஸ்டான்லின்னா பஸ், அப்புறம் ரயில், அப்புறம் மறுபடியும் பஸ். தினமும் போய் வர்ற கதையே இல்லை.

ஆனா திருவள்ளூரே கிடைச்சாலும், வீட்டிலிருந்து போய் வர்ற ஏற்பாடு ரொம்ப நாள் தாங்காது. தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80 சதவீதம் வருகை கட்டாயம். முதல் வருஷத்தில் அனாட்டமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூணும் சேர்ந்து வரும். முதல் வருஷத் தேர்வைத் தாண்ட மொத்தம் நாலு வாய்ப்புதான். ரெண்டாவது வருஷத்திலிருந்து வார்டு. கடைசி வருஷம் ஹவுஸ் சர்ஜன் ஆனதும் நைட் டியூட்டி. சாயங்காலம் லைப்ரரியில் நாலு பேரோட உக்காந்து படிக்கிறதுதான் இந்தப் படிப்பில் பாதி. கடைசி பஸ்ஸுக்கு ஓடுற பொண்ணுக்கு அது கிடைக்காது. அதனால எந்தக் கல்லூரியா இருந்தாலும் ஹாஸ்டல்னு முதலிலேயே முடிவு பண்ணிடுங்க. அப்படிப் பண்ணிட்டா "பக்கத்தில் இருக்கு"ங்கிற காரணத்தின் எடை பாதியாகக் குறைஞ்சுடும். திருவள்ளூருக்கு மீதி இருக்கிறது, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குச் சீக்கிரம் வந்து சேரலாம்கிற சௌகரியம். அதுவும் சின்ன விஷயம் இல்லை, ஆனா அதன் அளவு அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், மொழி. அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படிச்சிருந்தா, முதல் மூணு மாசம் கஷ்டமா இருக்கும். புத்தகம் எல்லாம் இங்கிலீஷ். ஆரம்பத்தில் ஃபவுண்டேஷன் கோர்ஸ் இருக்கு, அதில் மொழிக்கும் கம்ப்யூட்டருக்கும் வகுப்பு உண்டு. அதைத் தாண்டியும் பயம் இருக்கும். அந்தப் பயத்தோட 250 பேர் இருக்கிற ஹாலில் உட்காருறதுக்கும் 100 பேர் இருக்கிற ஹாலில் உட்காருறதுக்கும் வித்தியாசம் இருக்கு. பெரிய கல்லூரியில் அதுக்கு மருந்து சீனியர்கள்தான். 2020-லிருந்து 7.5-ல் சேர்ந்தவங்க எல்லா பேட்ச்சிலும் இருக்காங்க. முதல் வாரத்திலேயே அவங்களைத் தேடிப் போகச் சொல்லுங்க. அவங்க நோட்ஸ், அவங்க அனுபவம் ரெண்டும் கிடைக்கும்.

வீட்டில் தெலுங்கு பேசுவீங்களா தம்பி? பேசினால், அது தங்கச்சிக்கு ஒரு சொத்து. ஜி.எச்.சுக்கும் ஸ்டான்லிக்கும் ஆந்திரா பக்கத்திலிருந்து நிறைய நோயாளிகள் வர்றாங்க. வார்டில் ஒரு பாட்டிக்குத் தமிழ் சரியா வரலன்னா, பின்வரிசையில் நிக்கிற பொண்ணை டாக்டர் முன்னாடி கூப்பிடுவார்.

பட்டியலை எப்படி எழுதணும்

இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. ஆன்லைன் கவுன்சிலிங்கில் கல்லூரிகளை விருப்ப வரிசையில் போட்டு லாக் பண்ணணும். உங்க ரேங்க் வரும்போது, கம்ப்யூட்டர் உங்க பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். அதில் முதலில் எது காலியா இருக்கோ, அதைக் கொடுத்துடும்.

இதிலிருந்து ரெண்டு விஷயம் தெரியுது. ஒன்று, கிடைக்காதுன்னு தெரிஞ்ச கல்லூரியை மேலே போடுறதால நஷ்டம் கிடையாது. எம்.எம்.சி. கிடைக்கலன்னா அடுத்ததுக்குப் போகும், அவ்வளவுதான். ரெண்டு, "உறுதியா கிடைக்கும்"னு நினைச்சு திருவள்ளூரை முதலில் போட்டுட்டு ஸ்டான்லியை ரெண்டாவது போட்டீங்கன்னா, ஸ்டான்லி காலியா இருந்தாலும் திருவள்ளூர்தான் வரும். கம்ப்யூட்டர் ரெண்டாவது வரிக்கு வரவே வராது. வேணும்கிற வரிசையில் போடுங்க. கிடைக்கும்னு தோணுற வரிசையில் போடாதீங்க.

7.5 ஒதுக்கீட்டுக்குப் பல வருஷங்களில் தனியா, நேரில் கூப்பிட்டே கவுன்சிலிங் நடத்தியிருக்காங்க. அங்கே காலியிடம் திரையில் ஓடும். பேர் கூப்பிட்டதும் உள்ளே போய், சில நிமிஷத்தில் சொல்லணும். சீட் எவ்வளவு குறைவுன்னு பாருங்க. 250-ல் அகில இந்திய 15 சதவீதம் போனால் சுமார் 212. அதில் 7.5 சதவீதம்னா தோராயமா 16. அந்த 16-ம் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி.ன்னு பிரியும். பி.சி.க்கு 26.5 சதவீதம்னா, ஸ்டான்லி மாதிரி ஒரு கல்லூரியில் சுமார் நாலு சீட். திருவள்ளூரில் 7.5-க்கு மொத்தமே ஆறு சீட் பக்கம்தான். உங்களுக்கு முன்னாடி போன நாலு பேர் என்ன எடுத்தாங்கங்கிறதைப் பொறுத்து எல்லாம் மாறிடும். அதனால முதல் நாள் ராத்திரியே ஒரு பேப்பரில் பத்து கல்லூரியை வரிசையா எழுதி, கையில் வெச்சுக்கிட்டு உள்ளே போகணும். எம்.எம்.சி., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், செங்கல்பட்டு, ஓமந்தூரார், வேலூர், திருவள்ளூர்னு உங்களுக்குச் சரின்னு படுற வரிசையில். வேலூர்னா அடுக்கம்பாறையில் இருக்கிற அரசுக் கல்லூரி, சி.எம்.சி. இல்லை. இதில் குழம்பினவங்க உண்டு.

மாமாவின் கேள்வி: இன்னொரு வருஷம்?

மாமாவுக்கு நேராகவே சொல்லிடறேன். அரசுக் கல்லூரி சீட் கையில் இருக்கும்போது, பெயருக்காக ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாம். அடுத்த வருஷக் கேள்வித்தாள் எப்படி வரும், கட்-ஆஃப் எங்கே நிக்கும்னு யாருக்கும் தெரியாது. டிகிரி ஒன்றுதான்னு ஏற்கெனவே பார்த்தோம். அந்த ஒரு வருஷத்தை நீட் பி.ஜி.க்கு வெச்சுக்கிட்டா, அங்கே அதுக்குப் பலன் இருக்கும். சேர்ந்துட்டு நடுவில் விட்டுட்டா அபராதம், அடுத்த கவுன்சிலிங்குக்குத் தடைன்னு விதிகளும் இருக்கு. ரெண்டாவது சுற்றுக்கு மேல இந்த விதிகள் இறுகும். ஒவ்வொரு வருஷமும் மாறும். அதனால அந்த வருஷத்துக் கையேட்டை வீட்டில் ஒருத்தராவது முழுசாப் படிக்கணும்.

என் பதில்

கேட்டது நீங்க, அதனால என் கருத்தையும் சொல்லிடறேன். ஸ்டான்லி கிடைச்சா ஸ்டான்லியை எடுங்க, ஹாஸ்டலில் சேருங்க. பல வருஷமா ஊறின துறைகள், விதவிதமான நோயாளிகள், சீனியர்கள், இந்த மூணும் 18 வயசில் ஒருத்தருக்குக் கொடுக்கிற பார்வை பெருசு. கூட்டத்தில் முன்வரிசைக்கு வர்றதைக் கத்துக்கணும், அது கத்துக்கக் கூடியதுதான். திருவள்ளூர் கிடைச்சா, தலை குனியாம திருவள்ளூரில் சேருங்க. அங்கே கை பழகும். நம்ம ஊர்க்காரங்களையே பார்த்துப் பழகலாம். இப்போ ஒவ்வொரு மாணவரும் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்பு முழுக்கப் பார்த்துக்கிட்டு வரணும்னு விதி இருக்கு. அந்த வட்டாரத்துப் பேச்சும் பழக்கமும் தெரிஞ்ச பொண்ணுக்கு அது வெறும் ரெக்கார்டு நோட்டு வேலையா இருக்காது.

கடைசியா, பேசாம இருக்கிற தங்கச்சி. தம்பி, நீங்க அனுப்பின மெசேஜில் அம்மா என்ன சொல்றாங்க, மாமா என்ன சொல்றார்னு எல்லாம் இருந்தது. அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு இல்லை. அவங்க பேசாம இருக்கிறது விருப்பம் இல்லாததாலன்னு நான் நினைக்கலை. ஸ்டான்லின்னு சொன்னா அம்மா வருத்தப்படுவாங்க, திருவள்ளூர்னு சொன்னா மாமா கோச்சுப்பார். ரெண்டு பேரையும் காயப்படுத்தாம இருக்க அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வழி பேசாம இருக்கிறதுதான்.

அதனால இந்த ஞாயித்துக்கிழமை ஒன்று பண்ணுங்க. அவங்களை மட்டும் கூட்டிக்கிட்டு கிளம்புங்க. காலையில் திருவள்ளூர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து ரயில் பிடிச்சு ஸ்டான்லி. ஞாயித்துக்கிழமை ஓ.பி. இருக்காது, ஹாஸ்டல் பக்கம் மாணவர்கள் இருப்பாங்க, பேசலாம். ஒரு வேலை நாளில் லீவு போட முடிஞ்சா இன்னும் நல்லது. திரும்பி வரும்போது ரயிலில் ஒரு பேப்பரையும் பேனாவையும் அவங்க கையில் கொடுத்து, பத்து கல்லூரியை அவங்களையே எழுதச் சொல்லுங்க. நீங்க பக்கத்தில் உக்காருங்க, ஆனா எட்டிப் பார்க்காதீங்க. வீட்டுக்குப் போனதும் அந்த வரிசைக்காக அம்மாகிட்டயும் மாமாகிட்டயும் பேசுற வேலை உங்களோடது. அண்ணன்னா அதுக்குத்தானே.

ரிசல்ட் என்ன ஆச்சுன்னு எங்களுக்கும் சொல்லுங்க. தங்கச்சியே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா இன்னும் சந்தோஷம். அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.